ஒன்பது காரணங்களில் இல்லாத புகார்

கோபப்படத் தெரியாத மனுஷன் என்று பேரெடுத்தவர் பல்லுக்காரர். அப்படிப் பேரெடுத்தவர்களைத்தான் இந்த உலகம் முதலில் பதம் பார்க்கும்.

பல்லுக்காரர் என்றால் பல் பிடுங்குகிறவர் இல்லை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு பல் செட் செய்து கொடுக்கிறவர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஒரு நூல் பிசகினாலும் கடிக்கிறவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்பதால், தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, முப்பது வருஷமாகப் பொறுமையிலேயே பிழைப்பு நடத்துகிறவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு பத்துக்கு, கையிலிருந்த கேம் கன்ட்ரோலரை சோபா மேல் வீசி எறிந்தார். எறிந்த கையோடு, உடைந்துவிட்டதா என்று ஓடிப்போய் எடுத்தும் பார்த்தார். அவருக்குக் கைவந்த கோபம் அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டு வயசில் இவருக்கு எதற்கு விளையாட்டு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவருக்குக் காரணம் இருந்தது. தங்கை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் தங்கை தனியாக இருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்ன அண்ணன், அவசரமாகக் கேட்டிருந்த ஒரு பல் செட்டை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். போய்ச் சேர்ந்தபோது மறுநாள் விடிந்திருந்தது. அப்பா இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் தங்கைதான் போட்டிருந்தாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. "வேலை முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். அதோடு அண்ணனிடம் பேச்சு நின்றது. அண்ணியோடு மட்டும் எப்போதாவது போனில் பேசுவாள்.

அந்த அண்ணிதான், அதாவது பல்லுக்காரரின் மனைவிதான், வழி கண்டுபிடித்தாள். நர்ஸாக வேலை பார்க்கும் நாத்தனார் சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை ஆன்லைனில் மலையேறுகிற விளையாட்டு ஒன்று ஆடுகிறாள், ஜோடி சேர ஆள் இல்லாமல் திண்டாடுகிறாள் என்று தெரிந்ததும், ஹால் கம்ப்யூட்டரில் புருஷன் பேரில் அதை ஏற்றி வைத்தாள். "பேச வேண்டாம். ஏறுங்க, போதும்" என்றாள்.

விளையாட்டு இதுதான். பனிமலை, இரண்டு பேர், இரண்டு பேர் இடுப்பிலும் கட்டிய ஒரே கயிறு. ஒருவர் பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கிற அதே நொடியில் மற்றவர் பட்டனை அழுத்திக் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் குதித்தவர் பாதாளத்துக்குப் போவார். மொத்தம் நாற்பது கட்டம். முதல் எட்டு கட்டம் வரைக்கும் தங்கை மைக்கை அணைத்தே வைத்திருந்தாள். பதினேழாவது கட்டத்தில், "இடது பக்கம்" என்றாள். ஆறு வருஷத்தில் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு. முப்பதாவது கட்டத்தில், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். பல்லுக்காரர் அன்று சாப்பிடவில்லை, ஆனாலும் "ஆச்சும்மா" என்றார். வயிறு நிஜமாகவே நிறைந்திருந்தது.

அதுவரைக்கும் பள்ளமெல்லாம் சின்னது, பிடி கொஞ்சம் பிந்தினாலும் ஒப்பேறியது. முப்பத்தெட்டாவது கட்டத்தில் வந்து சேர்ந்தது சனியன். இவர் பட்டனை அழுத்தினால், இவர் திரையில் கயிறு இறுகிவிடும். அந்தச் செய்தி தங்கையின் திரைக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று செகண்ட் ஆகும். அதற்குள் அவள் பாதாளத்தில் கிடப்பாள். அவள் கண்ணுக்கு, அண்ணன் மலை விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது மாதிரிதான் தெரியும்.

"பாத்துக்கிட்டே நின்ன" என்றாள் அந்தச் செவ்வாய்க்கிழமை.

"இல்லம்மா, நான் அழுத்தினேன். கரெக்டா அழுத்தினேன்."

"உனக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும்."

அதற்கப்புறம்தான் கன்ட்ரோலர் சோபாவுக்குப் பறந்தது. ஒரு தடவை தப்பு செய்தார், ஒப்புக்கொள்கிறார், ஆறு வருஷமாக அனுபவிக்கிறார். இப்போது செய்யாத தப்பையும் எவனோ அவர் கணக்கில் எழுதினால் மனுஷன் என்னதான் செய்வான்? போதாக்குறைக்கு நாள் வேறு குறைவு. அடுத்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, தங்கை கப்பல் நர்ஸாக வேலைக்குக் கிளம்புகிறாள். கடலில் எட்டு மாசம். அங்கே நெட் கிடையாது.

வீட்டு வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. ரவுட்டரை அலமாரி உச்சியில் வைத்தார். "அதென்ன பூந்தொட்டியா, வெளிச்சத்துக்குத் தூக்கி வைக்க?" என்றாள் மனைவி. ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் நீளமாக ஒயர் இழுத்தார். அதில் மனைவி இரண்டு தடவை தடுக்கினாள். ஏழு மணி ஆனால் அவள் போனை வாங்கி அணைத்தார், டிவியை அணைத்தார், சம்பந்தமே இல்லாத வாஷிங் மெஷினையும் அணைத்தார். "என்னையும் அணைச்சு வெச்சுட்டு ஆடுங்க" என்று அவள் எழுந்து போனாள். ஒன்றும் பலிக்கவில்லை. சரி, கம்பெனியிடமே கேட்டுவிடுவோம் என்று போனை எடுத்தார். அதுதான் ஆரம்பம்.

முப்பத்தைந்து நிமிஷம் ஒரு பாட்டு ஓடியது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு குரல், "எங்கள் சேவையில் காத்திருப்பு என்பதே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனது. பதினெட்டாவது தடவை சொல்லிவிட்டுத்தான் ஒரு பெண்ணைக் கொடுத்தது.

"உங்க புகார் என்னங்க?"

"லேக்குங்க. நான் பட்டனை அழுத்தினா, ரெண்டு மூணு செகண்ட் கழிச்சுத்தான் அந்தப் பக்கம் போகுது."

"போகுதுல்லங்க?"

"போகுது."

"அப்ப சரிதானேங்க."

பல்லுக்காரர் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். மலை, கயிறு, பள்ளம், தங்கை. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எங்ககிட்ட மொத்தம் ஒன்பது காரணம் இருக்குங்க. இணைப்பு இல்லை, விளக்கு எரியல, ஒயர் அறுந்துடுச்சு, எலி கடிச்சுது, மரம் விழுந்துது, பில் வரல, பில் ரெண்டு தடவை வந்துது, வீடு மாத்தணும், இணைப்பே வேண்டாம். இதுல எதுங்க?" என்றாள்.

"மற்றவைன்னு ஒண்ணு இருக்குமேம்மா?"

"இருந்துச்சுங்க. எல்லாரும் அதையே சொல்றாங்கன்னு எடுத்துட்டாங்க."

அந்தப் பெண்ணே மனமிரங்கி, "எலி கடிச்சுதுன்னு போடட்டுங்களா? அதுக்குச் சீக்கிரம் வருவாங்க" என்றாள்.

"எங்க வீட்ல எலியே இல்லையேம்மா."

"அப்ப இணைப்பு இல்லைன்னு போட்டுடறேங்க."

இணைப்பு இருக்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் புகார் எண் வந்துவிட்டது. புருஷனின் முகத்தைப் பார்த்த மனைவி, தன் பங்குக்கு அவளும் போன் போட்டு இன்னொரு புகார் பதிந்து வைத்தாள். நல்லது நினைத்துத்தான் செய்தாள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கு மட்டும் என்ன தெரியும்?

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு லைன்மேன் வந்தார். எங்கே போனாலும் தோளில் ஏணி இருக்கும் என்பதால் தெருவில் அவருக்கு ஏணிக்காரர் என்றே பேர். இவர் வீட்டில் ஏற வேண்டிய உயரம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஏணி உள்ளே வந்தது. கருவியைச் செருகிப் பார்த்தார். வேகம் பிரமாதமாகக் காட்டியது.

"இணைப்பு இல்லைன்னு புகார். இணைப்பு ஜம்முனு இருக்கு. பொய்ப் புகார்னுதான் சார் எழுதணும்."

"சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து பாருங்க. அப்பத்தான் தெரியும்."

"ஆறு மணிக்கு மேல பழுது பாக்க எங்களுக்கு அனுமதி இல்ல சார். ஆறு மணிக்கு மேல பழுதே இல்லைன்னுதான் கம்பெனியோட முடிவு."

ஏணிக்காரர் கெட்டவர் இல்லை. பாவம், எல்லாம் தெரிந்தவர். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளதைச் சொன்னார். தெரு முனையில் ஒரு பெட்டி இருக்கிறது. பன்னிரண்டு வீட்டுக்கென்று வைத்த பெட்டி. இப்போது அதில் நாற்பத்தோரு வீடு தொங்குகிறது. பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவதால் தெரியாது. சாயங்காலம் எல்லோரும் வந்து உட்கார்ந்தால், சினிமா விட்ட கூட்டம் ஒரே வாசலில் வெளியே வருகிற மாதிரி நெரிசல்.

"இதை அப்படியே எழுதிக் குடுங்களேன்" என்றார் பல்லுக்காரர்.

"எதுல சார் எழுதறது? ஒன்பதுல அது இல்லையே."

அப்புறம் ஏணிக்காரர் குரலைத் தாழ்த்தினார். சிக்கல் வேறு இருக்கிறது. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பொய்ப் புகார் வந்தால் அந்த வீட்டை 'பழக்கப் புகார்தாரர்' பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் அந்த வீட்டுப் புகாரெல்லாம் தபாலில்தான் போக வேண்டும், பதிலும் தபாலில்தான் வரும். மனைவி பதிந்ததையும் சேர்த்து இப்போது இரண்டு ஆகிவிட்டது.

"உங்களைப் பாத்தா பொய் சொல்ற ஆளா தெரியல. பொய்யர்னு எழுத எனக்கு மனசு வரல சார். ஒண்ணே ஒண்ணு பண்ணலாம். புகார் உண்மையாயிட்டா பிரச்சினை இல்ல பாருங்க."

சொல்லிக்கொண்டே பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். பல்லுக்காரருக்கு விஷயம் புரிவதற்குள், ஜன்னலுக்கு வெளியே தொங்கிய ஒயர் இரண்டாகிவிட்டது. ரவுட்டரின் விளக்கு சிவப்பானது. ஏணிக்காரர் திருப்தியாகத் தாளில் எழுதினார்: இணைப்பு இல்லை, நேரில் உறுதி செய்யப்பட்டது.

"இப்ப நீங்க நேர்மையானவர் சார்."

"சரிங்க, ஒட்டிடுங்க."

"ஒட்டறது நான் இல்ல. அது வேற பிரிவு. மூணு நாள்ல வருவாங்க" என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று சாயங்காலம் பாழாய்ப் போனது. அண்ணன் லைன் அறுந்துவிட்டது என்று மனைவி நாத்தனாருக்குச் செய்தி அனுப்பினாள். 'சரி அண்ணி' என்று பதில் வந்தது. அந்தச் 'சரி'யைப் பல்லுக்காரர் போனை வாங்கி வாங்கிப் பார்த்தார். நம்பிச் சொன்ன சரியா, சலித்துப் போய்ச் சொன்ன சரியா என்று எப்படிப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டிவிட்டுப் போனார்கள். உடனே போனுக்குச் செய்தி வந்தது: 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. புகாருக்கு முன்பிருந்த நிலைமை முழுமையாக மீட்கப்பட்டுள்ளது.' இந்த ஒரு விஷயத்தில் கம்பெனி பொய் சொல்லவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குத் தங்கை குதித்தாள், இவர் அழுத்தினார், அவள் விழுந்தாள். முன்பிருந்த நிலைமை அச்சு அசலாக மீண்டிருந்தது.

திங்கட்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு நேராகக் கம்பெனி ஆபீசுக்கே போனார். வாசலில் 'வாடிக்கையாளர் ஆனந்த மையம்' என்று பெரிய எழுத்தில் போர்டு. உள்ளே, யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி தரையோடு சேர்த்துத் திருகிய நாற்காலிகள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் பக்கெட். பக்கெட்டுக்கு மேலே சுவரில், சிறந்த பராமரிப்புக்கான பாராட்டுப் பத்திரம். டோக்கன் எண் எழுபத்திரண்டு. ஆனந்தப்படக் காத்திருந்த யார் முகத்திலும் ஈயாடவில்லை.

இரண்டரை மணி நேரம் கழித்துத் தலைமைக் குறைதீர் அதிகாரி முன்னால் உட்கார வைத்தார்கள். வழுக்கையைப் பக்கத்து முடியால் மூடி, கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்கவிட்டிருந்தார். பல்லுக்காரர் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சார், நம்ம கம்பெனியில தாமதம்ங்கிற பேச்சுக்கே இடமில்ல" என்றார். "எப்படின்னு கேளுங்க. வேகத்தை அளக்க நாலு கருவி வெச்சிருக்கோம். தாமதத்தை அளக்கற கருவி வாங்கவே இல்ல. வாங்கினா அது எதையாவது காட்டும். காட்டினா சரி பண்ணணும். அளக்காத ஒரு விஷயத்தை இருக்குன்னு எப்படி சார் நான் பொறுப்பா சொல்ல முடியும்?"

"உங்க லைன்மேனே சொன்னாருங்க. பன்னெண்டு வீட்டுப் பெட்டியில நாப்பத்தோரு வீடுன்னு."

"அது வளர்ச்சி சார். போன வருஷ அறிக்கையில அதுக்குத்தான் எனக்கு மெடல் குடுத்தாங்க."

சொல்லிவிட்டு அதிகாரி முன்னால் சாய்ந்தார். "தப்பா நினைக்காதீங்க. ஒருவேளை நீங்களே பட்டனை லேட்டா அழுத்தியிருந்தா?"

பல்லுக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. தங்கை கேட்டது, மனசாட்சி தினமும் கேட்பது, இப்போது கழுத்தில் மூன்று அட்டையோடு உட்கார்ந்து இந்த ஆளும் கேட்கிறான். "நான் லேட் இல்லீங்க" என்றார்.

"அதைத்தான் சார் நிரூபிக்கப் போறோம்."

அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பலகை, அதில் ஒரு பல்பு, ஒரு காலிங் பெல் சுவிட்ச். பல்பு எரிந்ததும் சுவிட்சை அழுத்த வேண்டும். குமாஸ்தா கையில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றார். நாற்பது தடவை எரிந்தது, நாற்பது தடவை அழுத்தினார். முப்பது வருஷமாக மயிரிழை பார்த்துத் தேய்த்த கை அது, சோடை போகுமா? பல்பு எரிவதற்கு முன்பே அழுத்திவிடுகிறாரோ என்று குமாஸ்தாவுக்குச் சந்தேகம் வந்து, இரண்டு தடவை பல்பை மாற்றிப் பார்த்தார்.

"முடிவு பதினஞ்சு வேலை நாள்ல தபால்ல வரும்" என்றார் அதிகாரி.

"நாப்பது தடவையும் சரியா அழுத்தினேனே, நீங்களே பாத்தீங்களே. இப்பவே சொல்லக் கூடாதா?"

"எனக்குத் தெரியும் சார். ஆனா தெரிஞ்சதை உடனே சொல்லிட்டா, அப்புறம் முறைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

அங்கேதான் பல்லுக்காரர் உடைந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். அப்பா, ஆபரேஷன், ஆறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை கிளம்பப்போகும் கப்பல். "அன்னைக்கு நான் லேட்டுங்க. ஒத்துக்கறேன். இப்ப நான் லேட் இல்லீங்க. அதை அவ தெரிஞ்சுக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." பக்கத்து மேஜைகளில் எல்லோரும் கையிலிருந்த தாளைப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

குமாஸ்தா அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். சொன்னது இரக்கமான விஷயம் ஒன்றும் இல்லை. நடப்பது 'வாடிக்கையாளர் நெருக்க வாரம்'. சனிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்ப் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும். இதுவரை ஒரு வீடும் சிக்கவில்லை.

"உங்க உணர்வு எங்களைத் தொட்டுடுச்சு" என்றார் அதிகாரி. "சனிக்கிழமை ஏழு மணிக்கு உங்க வீட்டுக்கே வந்து நேரடி விசாரணை நடத்தறோம். ஏழரைக்கு முடிச்சிடுவோம்."

திங்களிலிருந்து வெள்ளி வரை தினமும் ஏழு மணிக்கு ஏறினார்கள், தினமும் விழுந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசியாக விழுந்தபின் தங்கை ஏறுவதை நிறுத்தினாள். அப்புறம், "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. நாளைக்கும் இப்படியே நின்னேன்னா, விட்டுடலாம். எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருது. கஷ்டமா இருக்கு" என்றாள். பல்லுக்காரர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். என்ன சொன்னாலும் அது மூன்று செகண்ட் கழித்துத்தான் போய்ச் சேரும், அதையும் தயங்கித் தயங்கிச் சொன்ன பொய்யாகத்தான் எடுத்துக்கொள்வாள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு அதிகாரி, குமாஸ்தா, ஏணிக்காரர், ஏணி நாலும் வந்து சேர்ந்தார்கள். ஏணி ஹாலுக்குள் திரும்பாததால் அதன் பாதி வாசலிலேயே நின்றது. டீப்பாய் மேல் குமாஸ்தா ஒரு கடிகாரத்தை வைத்தார். சோபாவின் நடுவில் அதிகாரி உட்கார்ந்தார். பல்லுக்காரருக்குப் பிரம்பு மோடா கிடைத்தது. திரையில் பனிமலை. மைக் திறந்திருந்தது. அந்தப் பக்கம் தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு உரையை ஆரம்பித்தார். "வாடிக்கையாளர் எங்கள் குடும்பம். குடும்பத்துல ஒருத்தர் குறை சொன்னா நாம என்ன செய்வோம்? காதுல போட்டுக்க மாட்டோம். ஏன், அவ்வளவு நெருக்கம். அந்த நெருக்கத்தைத்தான் நம்ம கம்பெனி இருபது வருஷமா கட்டிக் காப்பாத்திட்டு வருது." குமாஸ்தா போட்டோ எடுத்தார். வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி எடுத்தார். அதிகாரி பல்லுக்காரரின் கையைக் குலுக்கினார், கண் மூடிவிட்டதால் மறுபடி குலுக்கினார். மணி ஏழு இருபத்திரண்டு.

"யாரு அங்க பேசறது?" என்று தங்கையின் குரல் வந்தது.

"கம்பெனிக்காரங்கம்மா. நீ ஏறு, சீக்கிரம்."

அவள் குதித்தாள். பல்லுக்காரர் அழுத்தினார். அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். திரையில் கயிறு விண்ணென்று இறுகியது. மூன்று செகண்ட் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து, "விழுந்துட்டேன்" என்று குரல் வந்தது.

"அருமை சார்" என்றார் அதிகாரி. "நீங்க கரெக்டான நேரத்துக்குப் பிடிச்சதை நாங்க எல்லாரும் பாத்தோம். ஒரு நொடி பிசகல. எழுதிக்கோய்யா, சேவை திருப்தி."

"அவ விழுந்துட்டாளேங்க."

"அது அவங்க பக்கம். இந்தப் பக்கம் சேவை பிரமாதம்."

பல்லுக்காரர் ஏணிக்காரரைப் பார்த்தார். ஏணிக்காரர் ஏணியை விட்டு ஓர் அடி முன்னே வந்தார். அப்புறம், எது வந்தாலும் வரட்டும் என்கிற மாதிரி, "பெட்டி நெரிசல் சார். நாப்பத்தோரு வீடு. இவரு அழுத்தறது அங்க போய்ச் சேர நேரமாகுது" என்றார்.

"ஒன்பதுல அது எத்தனாவது?"

"ஒன்பதுல இல்ல சார்."

"அப்ப நீங்க எதுவும் சொல்லல" என்றார் அதிகாரி. கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இருபத்தொன்பது. "கடைசி வாய்ப்பு. நீங்க பிடிச்சது அந்தப் பக்கம் லேட்டா வந்துதுன்னு சொல்ல யாராவது சாட்சி இருக்காங்களா?"

"என் தங்கச்சி இருக்கா. அவளையே கேளுங்க." பல்லுக்காரர் திரை பக்கம் திரும்பினார். "அம்மா, இவங்க கேக்கறாங்க. நீ என்ன பாத்தியோ அதை அப்படியே சொல்லு. என்னைக் காப்பாத்தணும்னு சொல்ல வேண்டாம். பாத்ததைச் சொல்லு, போதும்."

பதில் இல்லை. கடிகாரத்தின் முள் மட்டும் நகர்ந்தது. மனைவி சமையலறை வாசலில் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள். ஒரு செகண்ட், இரண்டு செகண்ட். மணி ஏழரை அடித்தது.

"சாட்சி எதுவும் சொல்ல விரும்பலைன்னு எழுதிக்கோ" என்று அதிகாரி எழுந்தார்.

அவர் முழுசாக எழுவதற்குள் குரல் வந்து சேர்ந்தது.

"நான் பாத்ததைச் சொல்றேன். என் திரையில எங்கண்ணன் மூணு செகண்ட் கழிச்சுத்தான் கையை நீட்டறாரு. ஆனா அவர் ஒரு நொடி பிசகாம பிடிச்சார்னு இப்ப உங்க ஆபீசரே சொன்னாரு, எனக்குக் கேட்டுச்சு. பெட்டி நெரிசல்னு ஒருத்தர் சொன்னதும் கேட்டுச்சு. ரெண்டு வாரமா நான் இவரைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். எங்கண்ணன் லேட் இல்ல. அவர் பிடிச்சாரு. உங்க லைன்தான் லேட்."

குமாஸ்தா பேனாவைத் திறந்தார். அதிகாரி கையை நீட்டி அதை மூடினார்.

"விசாரணை ஏழரைக்கு முடிஞ்சுது. இது ஏழரைக்கு மேல வந்த சாட்சியம்."

"லேட்டா வந்துதுங்கிறதுதானேங்க என் புகாரே" என்றார் பல்லுக்காரர். ஜென்மத்தில் முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "அவ நேரத்துக்குத்தான் பேசினா. உங்க லைன்ல வரத்தான் இவ்வளவு நேரம். உங்க கண் முன்னாடியே நடந்துச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் உங்களுக்கு?"

"உங்க வருத்தம் புரியுது சார். ஆனா லேட்டா வந்ததை நான் ஏத்துக்கிட்டேன்னு வைங்க, லேட்டுனு ஒண்ணு இருக்குன்னு கம்பெனியே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். என் பதவிக் காலத்துல அப்படி ஒரு களங்கம் வர விட மாட்டேன்."

புகாரை அங்கேயே மூடினார்கள். ஏதாவது ஒரு காரணம் எழுதியாக வேண்டுமே. குமாஸ்தா ஒன்பதையும் மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, 'மரம் விழுந்தது, அகற்றப்பட்டது' என்று எழுதினார். அந்தத் தெருவில் மரமே கிடையாது. அதிகாரியும் குமாஸ்தாவும் வண்டியில் ஏறினார்கள். ஏணியை வெளியே எடுக்கத்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

பல்லுக்காரர் மோடாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. கோபத்தில் காது இரண்டும் சுட்டது. இத்தனை நாள் அலைந்து கிடைத்தது ஒரு போட்டோவும், விழாத ஒரு மரமும். அழுகை வேறு வந்தது. அது எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை.

"அண்ணா" என்றது திரை. "போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கம்மா."

மூன்று செகண்ட்.

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு. வா, ஏறலாம். நான் குதிக்கப் போறேன்னு முன்கூட்டியே சொல்றேன், சொன்ன உடனே அழுத்திடு."

ஏறினார்கள். அவள் முன்கூட்டிச் சொன்னதும் லேட்டாகத்தான் வந்தது. எட்டு மணிக்குள் பதினோரு தடவை விழுந்தார்கள், முப்பத்தெட்டாவது கட்டத்தைக் கடைசி வரைக்கும் தாண்டவே இல்லை. பதினோரு தடவையும் அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள், கம்பெனியை.